கர்ராரின் பெயரில் நடந்த நடை

என் கண்ணான மகன் அக்கீலுக்கு, உன் உம்மா ரஸ்மிய்யா இமாமின் அடக்கத்தலத்துக்கு ஸியாரத்தாக நடந்து போகும் கர்பலாப் பாதையில், வழி நெடுக எண் போட்டு நட்ட தூண்களில் ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்காவதுக்கு எதிரே பெண்கள் பந்தலில் உட்கார்ந்து எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் வலது குதிகாலைத் தவிர மற்றெல்லாம் நலமாக இருக்கிறேன். நீயும் அங்கே மால்மோவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் வருமுன் கம்பளிக் காலுறை வாங்கி வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், ஃபோனில் எதைக் கேட்டாலும் நல்லாருக்கேன் உம்மா என்று ஒரே பதிலைத்தானே சொல்கிறாய். ஏன் ஃபோனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், மீதியில் நீ குறுக்கே பேசுவாய். இந்தப் பந்தலில் மருந்து கட்டும் ரீஹாம் என்ற பெண் உன் ஊர்க்காரி, அடுத்த வாரம் மால்மோ திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பெண், நல்ல நிறம், பல் டாக்டருக்குப் படித்திருக்கிறாள். கல்யாணமாகிவிட்டது, விசாரித்துவிட்டேன்.

வீட்டு விஷயம் முதலில். வாப்பாவுக்கு இடது கண்ணில் பார்வை சுத்தமாகப் போயிற்று, வலது கண் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் நாள் குறித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் வாப்பா இதைப் பற்றி வாயே திறப்பதில்லை, பேரீச்சை மரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருப்பார், யாராவது மினிபஸ்ஸிலிருந்து இறங்கினால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அந்த ஒரு கண்ணில் பார்வை இருக்கும்போதே நீ வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த வருடம் என் ஒரே கவலை. உன் வாப்பாவின் தங்கை பஹீஜா மாமி என்னோடுதான் நடக்கிறாள். அபுல் கஸீபிலிருந்து கிளம்பி இன்று பதினெட்டாம் நாள், வழியில் ஒரு பந்தலையும் அவள் விட்டுவைக்கவில்லை, காலையில் எருமைப் பாலாடையும் பேரீச்சம்பாகும், பத்து மணிக்குக் கீமா, அதற்கு மேல் ஒரு வறுத்த மீன், எல்லாரும் இமாமின் பெயரால் கூப்பிடும்போது எப்படி வேண்டாமென்பது மதினி என்பாள். பதினெட்டு நாள் நடந்து எடை கூடிய ஒரே ஆள் ஈராக்கிலேயே இவள்தான்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். குர்னா சாலையில் உன் மினிபஸ் அந்தப் பையன் கர்ராரின் மோட்டார் சைக்கிளில் மோதி அவன் இறந்து எட்டு வருடமாகிறது. அன்றைக்கு மூன்றாவது நடை வண்டி ஓட்டி, தூக்கக் கலக்கத்தில் இருந்தாய், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, உன்னிடமும் மறைக்க மாட்டேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசி எல்லாவற்றையும் தீர்த்து, கடைசியில் ஒன்றை மட்டும் தீர்க்காமல் விட்டார்கள். பையனைப் பெற்றவள் வாயால் சரி என்று சொல்லும்வரை நீ பஸ்ரா மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். நம் ஆட்கள் மூன்று தடவை குர்னாவுக்குப் போனார்கள், மூன்று தடவையும் வழக்கப்படி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்து, எங்கள் கோரிக்கைக்கு இரங்கினால்தான் குடிப்போம் என்று உட்கார்ந்தார்கள். பையனின் வாப்பா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அவ சம்மதிக்கல, என்னை மன்னிச்சுக்குங்க என்று சொன்னாராம், மூன்று தடவையும் காப்பி ஆறிப்போய் அங்கேயே கிடந்ததாம். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகும் வழக்கமில்லை அல்லவா, அதனால் அவளை நான் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. நடுவில் போய்வந்த பெரியவரிடம் அவள் பெயரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஹம்திய்யா.

ஏன் கேட்டேன் என்பதை இன்றுவரை உனக்குச் சொல்லவில்லை. வருடா வருடம் நீ ஃபோனில், உம்மா எனக்காகத்தானே நடக்கறே என்று கேட்பாய், நானும் உம் என்பேன். அது பொய், மகனே. எட்டு வருடமும் உனக்காக நான் ஒரு அடியும் வைக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது ஒவ்வொரு வருடமும் ஹம்திய்யா மகன் கர்ராருக்குப் பதிலாக நடக்கிறேன் என்று மனதுக்குள் நிய்யத் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். பத்தொன்பது வயதில் போய்விட்டான், இந்தப் பாதையில் ஒரு தடவையாவது நடந்தானோ இல்லையோ. நீ உயிரோடு இருக்கிறாய், உனக்கு வேண்டியதை நீயே கேட்டுக்கொள்ளலாம். அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன், அவனைப் பெற்றவள் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை, என் மனம் அவ்வளவுதான் வேலை செய்தது. உன் வாப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், ஆனால் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நேற்று முற்பகல் ஆயிரத்துத் தொண்ணூறாம் தூண் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்தது. என் குதிகால் கொப்புளம் உடைந்து செருப்பெல்லாம் ஈரம். அங்கே ஒரு பெண் சாலையின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒல்லியான உடம்பு, என் வயதுதான் இருக்கும், இமாமோட விருந்தாளிங்களே, என்னைத் தாண்டிப் போனா நான் இங்கயே உக்காந்து அழுவேன், சத்தியமா அழுவேன் என்கிறாள். பஹீஜா மாமி, பாவம் அழ விடலாமா என்று அதற்குள் உள்ளே போய்விட்டாள். பந்தலுக்கு வெளியே ஊர்ப் பெயரும் குலப் பெயரும் எழுதிய துணி கட்டியிருந்தார்கள், நானும் படித்தேன், ஹில்லாக்காரர்கள் என்று போட்டிருந்தது, நமக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவளுடைய பிறந்த வீட்டார் பந்தல் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அவள் என்னை உட்காரவைத்து, தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று இழுக்க இழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டாள். அடடா, இந்தக் காலோட எப்படிம்மா நடந்தீங்க என்று சொல்லிக்கொண்டே விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நல்ல கை, அழுத்தம் தெரிந்த கை. எந்த ஊர் என்று கேட்டாள், பஸ்ரா பக்கம் என்றேன். எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான், வருஷத்துக்கு இந்தப் பத்து நாளுக்கு மட்டும் இங்க வந்து என் தம்பிங்களோட சேவை செய்வேன் என்றாள். பிறகு எல்லாரும் கேட்பதுபோல அவளும் கேட்டாள், உங்களுக்காகவா நடக்கறீங்க, யாருக்காவது பதிலாவா, பேரு சொல்லுங்க, நானும் அவங்களுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதறேன் என்று. நான் வெள்ளந்தியாக, வழக்கமாக எல்லாப் பந்தலிலும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். ஹம்திய்யா மகன் கர்ரார், இறந்துபோன பிள்ளை, குர்னாக்காரன் என்றேன்.

என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. தலையைத் தூக்காமலே, அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது அக்கீல், எப்படிப் புரிந்தது என்று கேட்காதே, பெற்றவளைத் தவிர யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம், தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக் காலை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். பொய்க்கு என் நாக்கு வரவில்லை. நான் அக்கீலோட உம்மா என்றேன். ரொட்டி சுடுகிற பெண்கள், வெங்காயம் நறுக்குகிற பெண்கள், எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பஹீஜா மாமி வாயில் போட்ட கவளத்தை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ஹம்திய்யா எழுந்து கையைக்கூடத் துடைக்காமல் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் ஒரு கால் சோப்பு நுரையோடு தொட்டியில், இன்னொரு கால் புழுதியோடு தரையில். யா அல்லாஹ், பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அவள் மனதை ஆற்றிக்கொள்ள வருடத்தில் பத்து நாள் வரும் இடத்தில் போய் நான் உட்கார்ந்திருக்கிறேனே, அவள் கையாலேயே என் காலைக் கழுவ விட்டிருக்கிறேனே. பையை எடு பஹீஜா போகலாம் என்று செருப்பைத் தேடினேன். அதற்குள் அவள் திரும்பி வந்தாள், முகம் கழுவியிருந்தாள், கையில் புதுத் தண்ணீர். எங்க எழுந்துட்டே, ஒரு கால்தானே கழுவியிருக்கேன், உக்காரு என்றாள். நீங்கள் என்று இவ்வளவு நேரம் பேசியவள் நீ என்றாள், அது கோபமா உரிமையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு காலையும் அதே மாதிரி விரல் விரலாகக் கழுவினாள், கொப்புளத்தில் மருந்து போட்டாள், துணி கட்டினாள். அழுகை எனக்கு அடக்க அடக்க வந்துகொண்டே இருந்தது, அவள் அழவில்லை. பிறகு சூடாக ஒரு ரொட்டியும் ஒரு கிளாஸ் சாயாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

பஹீஜா மாமி என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது. குடிக்காதே மதினி, கிளாஸைக் கீழ வை, ஆம்பளைங்க மட்டும்தான் வைக்கணுமா, இங்க ஸியாரத்துக்கு வந்தவ கேட்டா அவளால இல்லேன்னு சொல்லவே முடியாது, இப்பவே கேளு, இமாம் பேரால கேளு என்று காதில் குசுகுசுத்தாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. இந்தப் பாதையில் விருந்தாளி கேட்டதை மறுத்தால் தான் செய்த சேவையெல்லாம் வீண் என்று நினைப்பவள் அவள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். உன் வாப்பாவின் கண் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று நினைக்காதே. கிளாஸ் கையில் இருந்த அந்த நேரம் முழுக்க அதுவேதான் நினைப்பு. ஆனால் என் காலைக் கழுவின கையைப் பிடித்து முறுக்கி வாங்குவதுபோல எனக்குத் தோன்றியது. மறுக்க முடியாதவளிடம் கேட்டு வாங்கினால் அது சம்மதமா, நீயே சொல். சாயாவைக் குடித்துவிட்டேன், அடியில் கிடந்த சர்க்கரை வரைக்கும். உனக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் மேல் உனக்கு வருத்தம் இருந்தால் இந்த இடத்துக்காக இருக்கட்டும், அது நியாயம்.

வெளியே வந்ததும் உன் மாமி பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் நடந்து வந்து ஒரு கிளாஸ் சாயாவுக்கு வித்துட்டு வந்துட்டியே ரஸ்மிய்யா, உனக்கெல்லாம் எதுக்கு ஒரு புள்ள, எங்க அண்ணன் கண்ணு போறதுக்குள்ள அவனைப் பாக்கணும்னு உனக்கு இருந்தா இப்படிச் செய்வியா என்று நடுச்சாலையில் கத்தினாள். அப்புறம் என்னோடு பேசவே இல்லை, நாற்பது தூண் வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள், வழியில் ஒருவர் தர்ப்பூசணி நீட்டினார், அதைக்கூட வாங்கவில்லை, அப்போதுதான் அவள் மனது எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்று புரிந்தது. எனக்கும் உள்ளுக்குள் வேகம் எல்லாம் இறங்கிவிட்டது. தப்புச் செய்துவிட்டோமோ, திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நானே இரண்டு தடவை நின்றேன்.

பின்னாலிருந்து ரஸ்மிய்யா, ரஸ்மிய்யா என்று கூப்பிடும் சத்தம். மாமி என்னை ஏசும்போது பேரைச் சொல்லித்தானே ஏசினாள், அது பந்தல் வரைக்கும் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஹம்திய்யா, இடுப்பில் கட்டிய ஈரத் துணிகூட அவிழ்க்காமல், கறுப்பு அபாயா அங்கி ஒரு பக்கம் இழுபட, மூச்சு வாங்க ஓடி வருகிறாள். வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கேக்க வேண்டியவ ஏன் கேக்காம போனே என்றாள், அதட்டுகிற மாதிரி. கேட்டிருந்தா உன்னால இல்லேன்னு சொல்ல முடியாதே, அதான் என்றேன். எங்களைச் சுற்றி ஜனம் ஆறுபோலப் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். பந்தல்ல உன்னைத் தேட மாட்டாங்களா என்றேன். எட்டு வருஷமா மத்தவங்க காலைத்தான் கழுவறேன், என் கால் இன்னும் கர்பலாவைப் பாக்கல, அவன் போனதுக்கப்புறம் எனக்கு அங்க போய் நிக்கத் தைரியம் வரல என்றாள்.

நடக்க நடக்க அவளே பேசினாள். கர்ரார் புறா வளர்த்தானாம், மொட்டை மாடி முழுக்க எச்சம் என்று தினமும் திட்டுவாளாம். எதைச் சாப்பிட்டாலும் எலுமிச்சை பிழிந்துகொள்வானாம். மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று மூன்று மாதம் சண்டை போட்டானாம், வாப்பா கூடாது என்று சொல்லிவிட்டாராம். அப்போது இவள்தான் தன் வளையலை விற்று ரகசியமாக வாங்கிக் கொடுத்தாளாம். இதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். வண்டி வாங்கிக் குடுத்தது நான் ரஸ்மிய்யா, உங்க ஆளுங்க வந்து கேக்கும்போதெல்லாம் உன் மகன் வரலாம்னு சொல்ல வாய் வரும், சொல்லிட்டா அப்புறம் பழி போட ஆள் இல்லாம அது என்மேல வந்து உக்காந்துடுமேன்னு பயந்துதான் கதவைச் சாத்திக்கிட்டேன் என்று சொல்லி அப்போதுதான் அழுதாள், சாலை ஓரத்தில் உட்கார்ந்து, அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள். நான் என்ன ஆறுதல் சொல்வது, நான் சொன்னால் பொருந்துமா, என் மகன் தூங்கிட்டான்மா, உன் வளையல் ஒண்ணும் செய்யல என்று மட்டும் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதுவரைக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற உன் மாமி போய் எங்கிருந்தோ மூன்று பேருக்கும் தண்ணீர் வாங்கி வந்தாள், என்னிடம் கொடுக்கும்போது மட்டும் முறைத்தாள்.

எழுந்திருக்கும்போது ஹம்திய்யா என் கையைப் பிடித்து, இனிமே உன் மகனுக்காக நீ நட, என் மகனுக்காக நடக்க நான் வந்துட்டேன் என்றாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக உன் பெயரைச் சொல்லி நிய்யத்தை மாற்றிக்கொண்டேன், ரஸ்மிய்யா மகன் அக்கீலுக்காக என்று. நேற்று மாலையிலிருந்து நான் வைக்கும் ஒவ்வொரு அடியும் உன்னுடையது.

இன்று காலையில் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கு எழுத்து வராது. யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். அவன் எப்படி இருக்கான், தூங்கறானா என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அன்றைக்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை, வேலைக்கு ஐந்து கிலோமீட்டர் போகவர நடந்தே போகிறாய், தூக்கத்துக்கு மாத்திரை போடுகிறாய் என்று சொன்னேன். என் கொப்புளத் துணியை அவிழ்த்துப் புதிதாகக் கட்டினாள். பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவனை மன்னிச்சுட்டேன்னு எழுதாதே ரஸ்மிய்யா, அது எனக்கு இன்னும் வரல, வரும்போது வரட்டும், நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா அவனை வரச் சொல்லி எழுது என்றாள். அவளே உன்னை வரச் சொல்லிவிட்டாள், மகனே. யாரும் முறுக்கி வாங்கவில்லை.

இன்னும் நூற்று எண்பத்தெட்டு தூண்தான் இருக்கிறது, நாளை நண்பகலுக்குள் கர்பலா போய்விடுவோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பஸ்ராவில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, நேராகக் குர்னாவுக்குப் போ. கடையில் வாங்கிய பரிசு, இனிப்பு, ஒன்றும் கொண்டுபோகாதே, வெறுங்கையோடு போய் அவள் வாசலில் நில். அவள் உள்ளே கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் கூப்பிடும்வரை நில், எவ்வளவு நேரமானாலும் நில். உன்னை அல்லாஹ் எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும், நல்ல தூக்கத்தைத் தரட்டும், நாங்கள் கண் நிறையப் பார்க்கும்படி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா ரஸ்மிய்யா.
பக்கத்தில் கர்ராரின் உம்மா ஹம்திய்யா.